இசைத்துறையில் கற்றதை உங்கள் ஊருக்குத் திருப்பித் தர: நான் முட்டி மோதிக் கண்ட வழி

பதினெட்டு வருடம் மேடைக்குப் பின்னால் நின்றவன் நான். சவுண்ட் என்ஜினியர் வேலை, நடுவில் கொஞ்ச நாள் ஒரு குழுவுக்கு மேலாளர். சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வந்ததும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: பெரிய இலவசக் கச்சேரி. எட்டு மாதம் அலைந்தேன், சேமிப்பில் பெரும்பகுதி மேடைக்கும் ஜெனரேட்டருக்கும் போனது, ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. மறுநாள் காலை கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது, முதல் நாள் கீபோர்டு வாசித்த பையன் கைபேசியை நீட்டி, "அண்ணா, இதுல கையெழுத்துப் போட்டுட்டேன், சரிதானே?" என்றான். அவன் போட்ட மெட்டு ஒன்றை மொத்தமாக, எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. ஒரு வாரம் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. அந்த ஆளாக இருக்க எனக்கு ஜெனரேட்டர் தேவைப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் தட்டுத் தடுமாறி, இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு நூலக அறையில் ஒன்று நடக்கிறது: ஒப்பந்தம் படித்துச் சொல்வது, எளிய ஒலிப்பதிவு, கருவி இரவல். நீங்களும் இப்படி ஏதோ தொடங்க நினைத்தால் கீழே இருக்கும் வரிசையில் போங்கள். நாட்டுக்கு நாடு சட்டமும் படிவத்தின் பெயரும் மாறும், வரிசை பெரிதாக மாறாது.

1. ஆசையை விட்டுவிட்டு மணி நேரத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டே விஷயம். உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வருவது என்ன, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையிலேயே ஒதுக்க முடியும். முதல் கேள்விக்கு "இசை" என்று எழுதாதீர்கள். மிக்சரில் (பல மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு பார்க்கும் கருவி) கூச்சல் வராமல் மைக் வைக்கத் தெரியும், பயணக் கணக்குப் போடத் தெரியும், ஒப்பந்தத்தில் எந்த வரியைத் தேட வேண்டும் என்று தெரியும், கிட்டாருக்குத் தந்தி மாற்றத் தெரியும், இப்படி எழுதுங்கள். நமக்குச் சலித்துப்போன வேலைதான் பெரும்பாலும் ஊரில் யாருக்கும் தெரியாத வேலையாக இருக்கும்.

மணி நேரத்தைப் பொறுத்தவரை, எழுதியதைப் பாதியாக்குங்கள். நிகழ்ச்சி வேலையில் இருப்பவருக்குச் சனி, ஞாயிறு சொந்தமில்லை என்பது எனக்கே மூன்றாவது மாதம்தான் உறைத்தது.

2. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்

ஊரை விட்டுப் போய் வந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு, இங்கே ஒன்றுமே இல்லை என்று நினைப்பது. இருக்கும். பள்ளி இசை ஆசிரியர் இருப்பார், வீட்டில் வகுப்பு எடுப்பவர் இருப்பார், வாடகைக்கு ஸ்பீக்கர் விடுபவர் இருப்பார், கருவி பழுது பார்ப்பவர் இருப்பார். நான்கு வாரம் ஒதுக்கி ஒவ்வொருவரிடமும் போய் உட்காருங்கள். "உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு திட்டம் எதையும் அங்கே வாய் திறந்து சொல்லாதீர்கள்.

இந்த இடத்தில் பலரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இலவச வகுப்பு ஆரம்பித்தால், மாதக் கட்டணத்தில் வீட்டை ஓட்டும் ஒரு ஆசிரியரின் மாணவர்கள் உங்களிடம் வருவார்கள். ஒரு வருடம் கழித்து நீங்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள், அவரும் அதற்குள் வகுப்பை மூடியிருப்பார். நானே இதைச் செய்யப் பார்த்தேன். ஒரு வயலின் ஆசிரியை முகத்துக்கு நேராகவே, "தம்பி, நீங்க நல்லது பண்றேன்னு என் பிழைப்புல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது எங்கள் இரவல் வயலின்கள் அவருடைய மாணவர்களிடம்தான் இருக்கின்றன, பாடம் நான் எடுப்பதில்லை.

3. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வருடத்துக்கு ஒன்று போதும். நான் செய்தும் பக்கத்தில் இருந்து பார்த்தும் ஓடக்கூடியவை என்று நம்புபவை இவை.

ஒப்பந்தம் படிக்கும் நாள்தான் செலவு மிகக் குறைவானது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஆனால் நீங்கள் வக்கீல் இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அறிவுரைத் தாளிலும் அச்சிட்டுவிடுங்கள். நீங்கள் செய்வது கேள்விகளைச் சுட்டிக்காட்டுவது: எந்த உரிமை போகிறது, எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளில், பணம் எப்போது வரும், செலவை யார் கழிக்கிறார்கள், வெளியே வர வழி உண்டா. பதில் சிக்கலாக இருந்தால் வக்கீலிடம் அனுப்ப வேண்டும். ஆகவே மாதம் ஒரு மணி நேரம் இலவசமாகத் தரும் வக்கீல் ஒருவரை முன்பே பேசி வையுங்கள்.

ஒலிப்பதிவு நாள் என்றால் கூட்டம் தானாக வரும், வேலையும் மலைபோலக் குவியும். பதிவு செய்ய ஒரு மணி நேரம், அதற்குப் பின் மிக்ஸிங்குக்கு, அதாவது பதிவான ஒலிகளைச் சமன்செய்து ஒரே பாட்டாகச் சேர்ப்பதற்கு, ஆறு மணி நேரம். "அண்ணா, என் பாட்டு எப்ப வரும்" என்ற கேள்வி ராத்திரி பதினோரு மணிக்கும் வரும். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பாட்டு, திருத்தம் ஒரே முறை. இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கருவி இரவல் நல்ல யோசனை. டொரன்டோ பொது நூலகத்தில் புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் தருகிறார்கள், அந்த மாதிரியை நூலகர்களிடம் காட்டினால் காது கொடுத்துக் கேட்பார்கள். இதன் பழுதுச் செலவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பொது மண்டபங்களில் ஒலி பார்ப்பவர்களுக்குப் பயிற்சி தருவதை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் ஊருக்கு அதிகப் பயன் அதில்தான். ஒரு மண்டபத்தில் மைக் கூச்சலை ஒருவர் சரிசெய்யக் கற்றுக்கொண்டால் அடுத்த பல வருடத்துக்கு அங்கே பேசுகிற, பாடுகிற எல்லோருக்கும் லாபம். காதுப் பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் பாதுகாப்பான அளவு என்று கொண்டால், 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லில் பதினைந்தே நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி இடங்களுக்குச் சொன்ன உச்ச வரம்பும் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபெல்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைக்கும் அமைப்பாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும், நாற்காலி தானாகப் பின்னால் போகும்.

4. பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வரவே கூடாது

முதல் நன்கொடை வரும்போது சின்னத் தொகைதானே என்று சொந்தக் கணக்கில் வாங்கிவிடுவோம். வருட முடிவில் அது உங்கள் வருமானமாகத் தெரியும், வரி அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அதைவிட மோசம், ஊரில் யாரோ ஒருவர் "அவருக்கு இதுல எவ்வளவு?" என்று கேட்பார். கேட்காமலும் பேசுவார்கள்.

வழி இரண்டு. ஏற்கெனவே பதிவான ஒரு அறக்கட்டளை, சங்கம், நூலக நண்பர் குழு மாதிரி ஒன்றின் கீழ் போவது. இதற்கு ஒரு பக்க உடன்படிக்கை போதும், ஓரிரு வாரத்தில் முடியும். நிர்வாகத்துக்காக அவர்கள் ஒரு சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அது எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, சொந்தமாக அமைப்பு பதிவு செய்வது. விதிமுறை ஆவணம், நிர்வாகிகளின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்குச் சான்று, முதல் கூட்டத் தீர்மானம், இவை எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பெயரில் கேட்பார்கள். பதிவு முடிந்தாலும் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தானாக வராது, பல நாடுகளில் அதற்குத் தனி விண்ணப்பம். எனக்கு எல்லாம் சேர்த்து ஏழு மாதம் ஆனது. விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்த காரணம் ஒன்றுதான்: ஒரு நிர்வாகியின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தீர்மானத்தில் இன்னொரு மாதிரி.

என் யோசனை: முதல் வருடம் இன்னொருவர் நிழலில் இருங்கள். வங்கிக் கணக்கு எதுவானாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியேற வேண்டும், அந்த இரண்டாவது ஆள் உங்கள் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது.

5. இடம்: வாய்ப் பேச்சு வேண்டாம்

"நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க சார்" என்று சொன்ன ஒரு மண்டபப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போனதும், மறுவாரம் புதியவர் பூட்டைத் திறக்கவில்லை. பன்னிரண்டு பேர் கருவிகளோடு வாசலில் நின்றோம். அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் எந்தத் தாளும் இல்லை.

ஒரு பக்கம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாவி யாரிடம், மின்கட்டணம் யார், உடைந்தால் யார், எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. நிறுவனத்தின் பெயரில் கையெழுத்து வாங்குங்கள், தனிமனிதர் பெயரில் வேண்டாம். மூன்றாம் நபருக்குக் காயம் பட்டால் ஈடு செய்யும் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றைய தினத்துக்கு மட்டும் எடுக்கும் வசதி பல இடங்களில் உண்டு.

6. பதினெட்டு வயதுக்குக் கீழ் ஒருவர் வந்தாலும்

இங்கே சோம்பல் கூடவே கூடாது. பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதப் படிவம், அவசரத் தொடர்பு எண், உடல்நலக் குறிப்பு. புகைப்படம், காணொளி எடுக்கவும் வெளியிடவும் தனிச் சம்மதம். இதை முதல் படிவத்தோடு சேர்த்து ஒரே கையெழுத்தில் முடிக்காதீர்கள், வகுப்புக்குச் சரி என்று சொல்பவர் படத்துக்குச் சரி என்று சொல்லாமல் இருக்கலாம். எந்த அறையிலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. ஒலிப்பதிவுக்கூடத்தில் இது கஷ்டம், கதவை அடைத்தால்தான் பதிவு செய்ய முடியும். அதனால் கண்ணாடி வைத்த கதவு உள்ள அறையை மட்டும்தான் நாங்கள் எடுக்கிறோம். தன்னார்வலர்களுக்குக் காவல்துறைச் சான்று கேட்க உங்கள் ஊரில் வழி இருந்தால் கேளுங்கள், முதல் சான்று உங்களுடையதாக இருக்கட்டும், அப்போது யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

7. இலவசம் என்றால் அனுமதி வேண்டாம் என்று யார் சொன்னது

துறைக்காரர்களே அதிகம் தப்பு செய்யும் இடம் இது. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: மெட்டும் பாடல் வரியும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. பிறர் படைப்பை மேடையில் வாசித்தால் முதலாவதுக்குப் பொது நிகழ்த்தல் உரிமம் வேண்டும், இடைவேளையில் பதிவு செய்த பாட்டை ஓட விட்டால் இரண்டாவதுக்கும் கேட்கும் நாடுகள் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. பள்ளி, வழிபாடு, தொண்டு நிகழ்ச்சி போன்றவற்றுக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கின் வரையறையை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: முதலில் மண்டபத்திடம் கேளுங்கள், பல மண்டபங்கள் வருட உரிமம் வைத்திருக்கும். இல்லையென்றால் உங்கள் நாட்டின் உரிமைச் சங்கத்தில் (படைப்பாளிகள் சார்பில் உரிமம் தந்து பணம் வசூலிக்கும் அமைப்பு) குறைந்தது நான்கு வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். கட்டணம் பெரும்பாலும் இருக்கை எண்ணிக்கையையும் நுழைவுக் கட்டணத்தையும் பொறுத்தது, எனவே ஐம்பது பேர் அறைக்கு ஐந்நூறு பேர் என்று பெருமைக்காக எழுதாதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வாசித்த பாட்டுகளின் பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். உள்ளூர் பையன் எழுதிய பாட்டும் அதில் இருந்தால், அவன் உறுப்பினராகவும் இருந்தால், அவனுக்குப் பங்கு வர வழி அந்தப் பட்டியல்தான்.

பதிவு செய்து வெளியிடுவது வேறு கதை. நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி: பங்கீட்டுத் தாளில் எல்லோரும் கையெழுத்திடாமல் யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது. பாடல் வரி யார், மெட்டு யார், எத்தனை சதவீதம், கூட்டினால் நூறு வருகிறதா, முழுப் பெயர், தேதி. ஐந்து நிமிட வேலை. நட்பாக இருக்கும்போது ஐந்து நிமிடம், பாட்டு ஓடிய பிறகு ஐந்து வருடம். சிறுவர்களுக்குப் பாதுகாவலர் கையெழுத்து. உங்கள் பெயரை அந்தத் தாளில் போட்டுக்கொள்ளாதீர்கள், நீங்கள் மிக்ஸிங் செய்ததற்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. ஒலிப்பதிவின் சொந்தக்காரர் பாடியவரே என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

அப்புறம் எண்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி (ISRC) என்ற அடையாளக் குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம், இதைப் பெரும்பாலும் பாட்டை இணையச் சேவைகளுக்கு அனுப்பும் விநியோகத் தளமே தரும். படைப்புக்கு ஆங்கில T எழுத்தில் தொடங்கும் ஐஎஸ்டபிள்யூசி (ISWC) என்ற குறியீடு, இது உரிமைச் சங்கத்தில் பதிவு செய்தால் வரும். விநியோகத் தளம் முதலாவதைக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இரண்டாவது பாதி அப்படியே கிடக்கும்.

வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபையில், பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பணக் கணக்கையும் மறைக்காதீர்கள். 2024 முதல் அங்கே ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவு ராயல்டிக் (உரிமைத் தொகை) கணக்குக்கே வரும்.

8. கருவிகள்: வாங்குவதை விட வாங்க மறுப்பதுதான் கஷ்டம்

செய்தி பரவியதும் வீட்டு மாடியில் கிடந்த கிட்டார்கள் வரும். பத்தில் ஆறு வளைந்த கழுத்தோடு வரும். பழுதுக்கு ஆகும் செலவில் புதிதே வாங்கலாம், வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவர் முகம் வாடும். நாங்கள் இப்போது படத்தை அனுப்பச் சொல்கிறோம், பழுது பார்ப்பவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வாங்குகிறோம்.

இரவல் பதிவேட்டில் தயாரிப்பு எண், நான்கு பக்கப் படம், இருக்கும் கீறல்கள், தந்தி மாற்றிய தேதி, எடுப்பவர் கையெழுத்து. மரக் கருவிகள் இருக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது, ஒரு சின்ன அளவுமானி வாங்கி மாட்டுங்கள். முன்பணம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கிப் பார்த்தேன், யாருக்குக் கருவி வேண்டுமோ அவர்கள்தான் வராமல் போனார்கள். விட்டுவிட்டேன். மூன்று வருடத்தில் திரும்பாமல் போனது ஒரே ஒரு கீபோர்டு.

9. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், மிக்சர் வாங்கும் பணம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது கேபிள், மின்கலம், தந்தி, ட்ரம் குச்சி, தோல், பழுது, போக்குவரத்து. எங்கள் முதல் வருடத்தில் இந்தச் சில்லறைகள் சேர்ந்து கருவிச் செலவைத் தாண்டிவிட்டன. வன்தட்டையும் கணக்கில் வையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற பதிவுத் தரத்தில் ஒரு ட்ராக் (தனியாகப் பதிவாகும் ஒரு மைக் அல்லது கருவியின் ஒலி) நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட், 16 ட்ராக் ஒரு மணி நேரம் ஓடினால் 8 ஜிகாபைட்டுக்கு மேல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். பிள்ளையின் முதல் பாட்டைத் தொலைத்துவிட்டு அவன் முன்னால் போய் நிற்க வேண்டிய நிலை வேண்டாம், நான் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று, உள்ளூர் கலைஞரை "ஊருக்காகத்தானே" என்று சொல்லி இலவசமாக வாசிக்க வைக்காதீர்கள். நீங்கள் இலவசமாக உழைப்பது உங்கள் முடிவு, உங்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. அவருக்கு அன்று மாலை வேறு நிகழ்ச்சி இருந்திருக்கும். தொகை சிறியதானாலும் அன்றே, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

10. பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். பதினாறு வாரம் முன்பு கேட்கும் மாதம். பன்னிரண்டு வாரம் முன்பு எது என்ற முடிவும் யார் நிழலில் என்ற முடிவும். பத்து வாரம் முன்பு இட உடன்படிக்கை. ஆறு வாரம் முன்பு காப்பீடு, உரிமம். மூன்று வாரம் முன்பு சம்மதப் படிவங்கள் வீடுகளுக்குப் போக வேண்டும், ஏனென்றால் முதல் முறை பாதிதான் திரும்பும். ஒரு வாரம் முன்பு அதே அறையில், அதே நேரத்தில், எல்லாக் கருவியையும் மின்சாரத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் அறையில் பக்கத்துக் குளிர்சாதனம் ஓடும்போது மட்டும் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. காலையில் சோதித்தவனுக்கு அது மாலையில்தான் தெரிந்தது. தேர்வுக் காலத்தைத் தவிருங்கள், ஒரு பிள்ளையும் வராது.

11. நீங்கள் இல்லாத சனிக்கிழமை

நம் தொழிலில் திடீரென்று பயணம் வரும். இரண்டாவது மாதத்திலிருந்தே ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே போகாமல் இருந்து பாருங்கள். நான் போகாத முதல் சனிக்கிழமையில் ஏழு தடவை தொலைபேசி வந்தது, ஏழும் எழுதி வைக்காத விஷயங்கள். அந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி மிக்சர் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்: சாவி எங்கே, வங்கியின் இரண்டாவது கையெழுத்து யார், கடவுச்சொல் யாரிடம், காப்பீட்டு எண், உரிமம் புதுப்பிக்கும் தேதி, பழுது பார்ப்பவர், மேடைப் பக்கம் இடது கோடியில் இருக்கும் மின்செருகியை ஏன் பயன்படுத்தக் கூடாது. அடுத்த தடவை இரண்டு தொலைபேசி. அதில் ஒன்று அந்தக் கீபோர்டு பையனிடமிருந்து, மேசைக்கு ஒப்பந்தத்தோடு ஒரு பெண் வந்திருக்கிறாள், வக்கீல் எண்ணைக் கொடுங்கள் என்று.